பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத சின்னத் தாத்தாவை எங்கே தேடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆரணிக்குப் பக்கத்தில் உங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. ‘இந்தக் கிராமத்திலிருந்து 31 பேர் 1914–1919 பெரும் போருக்குச் சென்றனர். அவர்களில் 4 பேர் உயிர் நீத்தனர்’ என்று அதில் இங்கிலீஷில் இருக்கிறது. அந்த நாலு பேரில் ஒருவர் உங்கள் கொள்ளுத் தாத்தாவின் தம்பி. போகும்போது பத்தொன்பது, இருபது வயசு. ‘பசராவில் செத்துப்போனார்’ என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. உங்கள் ஆயா ரொம்ப நாள் ஒரு வட்டமான பித்தளைத் தட்டைச் செம்புக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண்ணும் ஒரு சிங்கமும் இருக்கும். இப்போது ஊரில் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அவர் யார், எந்தப் படை, எங்கே கிடக்கிறார், எப்படி நினைவு வைப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தத் தட்டைச் செம்பின் மேலிருந்து எடுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

அது சாதாரணப் பித்தளை அல்ல, வெண்கலம். குறுக்களவு 12 சென்டிமீட்டர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பேரில் செத்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 1919-க்குப் பிறகு அனுப்பப்பட்ட நினைவுத் தகடு. பதின்மூன்று லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். கையில் மாலையோடு நிற்கும் பெண் பிரிட்டானியா. காலடியில் சிங்கம். சுற்றி இரண்டு டால்பின். விளிம்பைச் சுற்றி இங்கிலீஷில் ‘இவன் சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இறந்தான்’ என்று ஓடும். நம் ஊர்க்காரன் வீட்டுக்கு இந்த வாசகம் எந்த வருஷங்களில் வந்து சேர்ந்தது என்று யோசித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும் 1919-தான்.

நமக்கு வேண்டியது அந்த வாசகம் இல்லை. சிங்கத்தின் தலைக்கு மேலே ஒரு சின்னச் செவ்வகக் கட்டம் இருக்கும், அதற்குள் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் செத்தவரின் பெயர். பதவி போடமாட்டார்கள். ஜெனரலாக இருந்தாலும் சரி, தண்ணீர் சுமந்தவராக இருந்தாலும் சரி, வெறும் பெயர்தான். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். அந்தக் கட்டத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தேய்ந்திருந்தாலும் நிழலில் எழுத்து எழும்பி வரும். உங்கள் ஊர்க் கல் ‘4’ என்று எழுதிவிட்டு விட்டுப்போனதை இந்தத் தட்டு நூறு வருஷமாகச் செம்பின் மேல் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் இருபது வருஷமாக வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டைப் பக்கம் இந்தக் கற்களைத் தேடிப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். பத்துக் குடும்பத்தில் ஒருவரிடமாவது ‘அப்படி ஒரு தட்டு இருந்துது சார், ஈயம் பித்தளைக்காரன்கிட்ட போட்டுட்டோம்’ என்ற பதில் வரும். உங்கள் ஆயா போடாமல் விட்டார்களே, அது பெரிய விஷயம்.

அடுத்தது மெடல். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்பக்கம், குழந்தைகளின் அரைஞாண் கயிறு எல்லாம் பாருங்கள். மெடலை அரைஞாணில் கோத்துப் பிள்ளைக்குக் கட்டிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு வகை அதிகம் கிடைக்கும். ஒன்றில் ராஜாவின் தலை, பின்பக்கம் அம்மணமாக ஒருவர் குதிரைமேல். இன்னொன்றில் இறக்கை வைத்த பெண். முதல் வகை, துப்பாக்கி பிடித்தவர்களுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். கூலியாட்களின் படையில் (லேபர் கோர்) போன நம் ஆட்களுக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். சாவில் பதவி பார்க்காதவர்கள் மெடலில் பார்த்திருக்கிறார்கள். முகப்பை விட்டுவிடுங்கள், விளிம்பைப் பாருங்கள். காசின் ஓரத்தில் இருப்பதுபோல் அங்கே பொடி எழுத்தில் அவருடைய நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு வெட்டியிருக்கும். நம்பரும் படையும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே பெயரில் நூறு பேர் இருக்கலாம், ஒரே படையில் ஒரே நம்பரில் இருக்க வாய்ப்புக் குறைவு.

இனி அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம். இது உங்கள் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. போர் முடிந்ததும் ஆள் அனுப்பிய ஊர்களில் எல்லாம் ஒரே வாசகத்தோடு பதித்தார்கள். ஊர்ப் பெயரும் இரண்டு எண்ணும்தான் மாறும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ளதைப் பார்த்திருப்பீர்கள். 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று இருக்கும். அந்தப் பக்கம் வெங்காயம் வாங்கப் போகிறவர்களில் அதை நிமிர்ந்து பார்க்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. உங்கள் ஊர்க் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. டைல்ஸ் ஒட்டி மூடிய ஊரும் உண்டு.

கல்லில் ‘சென்றனர்’ என்று இருக்கிறது, ‘போரிட்டனர்’ என்று இல்லை, கவனித்தீர்களா? மதராஸ் மாகாணத்திலிருந்து அந்தப் போருக்குச் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 92,000 பேர். அதில் ஏறத்தாழ 41,000 பேர் சண்டைக்காரர்கள் அல்லர். கழுதைகளையும் குதிரைகளையும் ஓட்டியவர்கள், டோலி தூக்கியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், துப்புரவு செய்தவர்கள், ரோடு போட்டவர்கள். ஆகவே ‘சின்னத் தாத்தா சிப்பாய்தான்’ என்று முடிவு கட்டிக்கொண்டு தேடாதீர்கள். ‘பட்டாளத்துக்குப் போனார்’ என்று ஊரில் சொல்வது இவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான். சிப்பாய் பட்டியலில் கிடைக்காத பெயர் ‘டிரைவர்’ என்ற வரியில் கிடைத்திருக்கிறது. அந்த டிரைவர் மோட்டார் ஓட்டியவர் அல்ல, மட்டக்குதிரை ஓட்டியவர்.

வட ஆற்காட்டுப் பையன் என்றால் நான் முதலில் பார்ப்பது மதராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, ரோடு போடுவது, கிணறு தோண்டுவது அவர்கள் வேலை. தலைமையிடம் அன்றும் இன்றும் பெங்களூர்தான். அந்தப் படையில் இருப்பவர்களை இன்றைக்கும் ராணுவம் முழுக்கத் ‘தம்பி’ என்றே கூப்பிடுகிறது. வடநாட்டு ஹவில்தாரும் ‘தம்பி’ என்பார், கேட்க வேடிக்கையாக இருக்கும். அதை விட்டால் பயனியர் படைகள், அதாவது 61, 64, 81 என்ற எண் கொண்டவை. இவையும் மண்வெட்டியும் துப்பாக்கியும் சேர்ந்தே சுமந்தவை. பிறகு கர்நாடிக் இன்ஃபன்ட்ரி என்று பெயர் வைத்த பல பட்டாலியன்கள். இதில் ‘கர்நாடிக்’ என்பதைக் கர்நாடகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், ஆற்காட்டு நவாபின் சீமைக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நம்ம ஊர்தான்.

தெற்கே திருநெல்வேலிப் பக்கம் என்றால் 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியைச் சொல்லியிருப்பேன். கேட்காததைச் சொல்கிறேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் இந்தப் படையை இறக்கினார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்து, வாந்தி எடுத்து, கால் தரையில் பாவாத ஆட்கள். எதிரே ஜெர்மானியர்களின் மெஷின் கன். போதாததற்குத் தேன்கூடு கலைந்து தேனீக்கள் கொட்டின. படை சிதறியது. பழியை எல்லாம் ‘மதராஸ்காரன் சண்டைக்கு லாயக்கில்லை’ என்று இந்தப் பையன்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அவர்களைத் தயார்செய்யாமல் அனுப்பியவர்களைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. மதராஸ்காரர்கள் போர்க்குலம் அல்ல என்று, இந்தியப் படைத் தளபதியாக இருந்த லார்ட் ராபர்ட்ஸ் காலத்திலிருந்தே ஆளெடுப்பைக் குறைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு, போர் நீண்டதும் அதே மதராஸ்காரன் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டான்.

உங்கள் தாத்தா விஷயத்தில் ‘பசரா’ என்ற ஒரு சொல் கிடைத்திருப்பது நல்ல துப்பு. பாஸ்ரா, இன்றைய இராக். அன்றைக்கு மெசபடோமியா. ஊர்க் கிழவர்கள் வாயில் அது என்னவெல்லாமோ ஆகியிருக்கும், ஆனால் பாஸ்ரா மட்டும் அதிகம் சிதையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. 1914 நவம்பரில் இந்தியப் படை அங்கே இறங்கியது. 1917 மார்ச் 11-இல் பாக்தாத் பிடிபட்டது. இடையில் கூட் என்ற ஊரில் 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை துருக்கிப் படையின் முற்றுகை. உள்ளே சிக்கிய நம் ஆட்களும் வெள்ளைக்காரர்களும் பட்டினி கிடந்து சரணடைந்தார்கள். போர் முடிவதற்குள் இந்தியாவிலிருந்து மெசபடோமியாவுக்கு மட்டும் ஆறு லட்சத்துக்கு நெருக்கமானவர்கள் போனார்கள்.

‘போரில் செத்தார்’ என்றதும் நெஞ்சில் குண்டு வாங்கியவராகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். மெசபடோமியாவில் சீதபேதியும் காலராவும் வெயிலும் கொன்றவர்கள் ஏராளம். காயம்பட்டவர்களை ஏற்ற ஆம்புலன்ஸ் இல்லாமல் ஸ்பிரிங் இல்லாத கட்டை வண்டியில் போட்டு இழுத்தார்கள். ஆற்றுப் படகில் நாள்கணக்காகத் தங்கள் கழிவிலேயே கிடந்து வந்தார்கள். இது நான் மிகைப்படுத்திச் சொல்வதல்ல. பிரிட்டிஷ் அரசே கமிஷன் வைத்து, 1917-இல் அறிக்கை வெளியாகி, லண்டனில் இந்திய விவகார மந்திரியாக இருந்த ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார். ஆகவே பதிவேட்டில் உங்கள் தாத்தா பெயருக்கு எதிரே ‘நோயில் இறந்தார்’ என்று இருந்தால் ஏமாற்றம் அடையாதீர்கள். மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் போன இருபது வயசுப் பையன், பேர் தெரியாத ஆற்றங்கரையில், கெட்ட தண்ணீரைக் குடித்துச் செத்திருக்கலாம். அதுவும் போர்தான்.

சரி, எங்கே தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர்களின் பெயர்த்தேடல் இருக்கிறது. இலவசம். அங்கேதான் பலர் முட்டி மோதித் திரும்பி வருகிறார்கள், ஏனென்றால் பெயரைச் சரியாக எழுதித் தேடுகிறார்கள். தப்பாக எழுத வேண்டும். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியது அது. ‘மு’ என்று ஆரம்பிக்கும் பெயருக்கு எம் போட்டு இரண்டு ஓ போடுவார்கள். ‘சாமி’ என்பதற்கு எஸ், ஏ, டபிள்யூ, எம், ஒய். ‘ழ’ வந்தால் எல், ஆர், இசட், எது வேண்டுமானாலும் வரும். ‘அப்பன்’, ‘அண்ணன்’ எல்லாம் ஒற்றை எழுத்தில் சுருங்கிவிடும். கடைசி எழுத்து விழுங்கப்பட்டிருக்கும். தட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் ஏன் முக்கியம் என்றேன் என்று இப்போது புரிந்திருக்கும். தட்டு வார்த்தவர்களும் பதிவேடு எழுதியவர்களும் ஒரே ராணுவக் காகிதத்தைப் பார்த்து எழுதினவர்கள். தப்பும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

பெயர் பிடிபடவில்லை என்றால் பெயரை விட்டுவிடுங்கள். கூடுதல் விவரம் என்று ஒரு பகுதி உண்டு. ‘இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, இன்ன ஜில்லா, மதராஸ்’ என்று அதில் ஒரு வரி இருக்கும். அங்கே ‘திருவண்ணாமலை மாவட்டம்’ என்று போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. 1914-இல் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. நார்த் ஆற்காட் என்று போடுங்கள். ஆரணியை, போளூரை, பழைய இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலில் போடுங்கள். செங்கல்பட்டை சிங்கிள்புட் என்றும் தஞ்சாவூரை டாஞ்சூர் என்றும் எழுதின காலம். இப்படித் தேடி ஒரு தாலுகா முழுவதையும் ஒரு மழைநாளில் நோட்டில் எழுதி எடுத்திருக்கிறேன். அப்படி எடுக்கும்போது உங்கள் ஊரின் மற்ற மூன்று பேரும் கூடக் கிடைக்கலாம். அவர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மெசபடோமியாவில் கல்லறை தெரியாமல் போனவர் என்றால் பதிவில் ‘பாஸ்ரா மெமோரியல்’ என்று வரும். 1914 கடைசியிலிருந்து 1921 ஆகஸ்ட் வரை அங்கே இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,500-க்கும் மேற்பட்டவர்களுக்கான நினைவகம். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். 1997-இல் சதாம் உசேன் ஆட்சி அதை நகரத்துப் பக்கத்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து, நாசிரியா போகும் ரோட்டில் 32 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தது.

போனாலும் அங்கே அவர் பெயர் கல்லில் இராது. இதை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டேதான் இவ்வளவு தூரம் எழுதினேன். அந்த நினைவகத்தைக் கட்டியபோது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொறித்தார்கள். இந்திய அதிகாரிகளின் பெயரையும் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களை மட்டும் படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர் என்று எண்ணாக்கிவிட்டார்கள். பெயர்கள் பதிவேட்டில் இருந்தன, கல்லில் ஏறவில்லை. உங்கள் ஊர்ச் சாவடியில் என்ன செய்தார்களோ அதையேதான் பாலைவனத்திலும் செய்திருக்கிறார்கள். டைகிரிஸ் கரையில் அமாரா என்ற ஊரில் இந்தியர்களுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே நினைவுகூரப்படுகிறவர்கள் சுமார் 5,000 பேர். அடையாளம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். யாரை எங்கே புதைத்தோம் என்று ராணுவம் முழுசாகக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

2021 ஏப்ரலில் அந்தப் போர்க் கல்லறை ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என 45,000-லிருந்து 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. அதற்கு மேல் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது அடியோடோ நினைவுகூரப்படவே இல்லை. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பாதுகாப்பு மந்திரி மன்னிப்புக் கேட்டார். கேட்டதில் எனக்கு மரியாதைதான். நூறு வருஷம் தாமதம் என்பதும் உண்மைதான்.

இதில் எனக்குத் தாங்காத ஒன்று உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே எடுத்தனூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் அங்கே கிடைத்தது, வயது 1,400 வருஷம். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். கல்லில் அவன் நிற்கிறான், பக்கத்தில் ஒரு நாய். அந்த நாய்க்கும் கல்வெட்டில் பெயர் இருக்கிறது. கோவிவன். கள்ளர் இரண்டு பேரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றதாம். ஆறாம் ஏழாம் நூற்றாண்டில் ஒரு மாட்டுக்கொட்டில் ஊருக்கு, செத்தவனின் நாயையும் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. செங்கம் பக்கம் அப்படி எத்தனை கல்! யார் ஆட்சியில், எந்த வருஷம், யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டை மீட்டான் என்று எல்லாம் இருக்கும். செத்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுப்பதும் உண்டு, அதற்கு உதிரப்பட்டி என்று பெயர், ரத்தத்துக்குக் கொடுத்த நிலம். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல், வாழ்த்து என்று இதற்குத் தொல்காப்பியத்தில் ஆறு படி இருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் கொண்டுவந்து ‘4’ என்று வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நிலம் என்றதும் ஞாபகம் வந்தது. சில ஊர்களில் பட்டாளத்தார்களுக்குப் புறம்போக்கிலிருந்து நிலம் ஒப்படை செய்திருக்கிறார்கள். ‘பட்டாளத்தார் கொல்லி’ என்று ஏதாவது துண்டு நிலத்துக்கு ஊரில் பேச்சு இருக்கிறதா என்று வயசானவர்களிடம் கேளுங்கள். இருந்தால் வி.ஏ.ஓ. அலுவலகத்துப் பழைய ஏ ரெஜிஸ்டரில் முதல் பட்டாதாரர் யார் என்று பார்க்கலாம். அதற்கு மேலிடத்து அரசாங்கத் தாள்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அங்கே போவதானால் ஒரு வாரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள், ஒரு நாளில் ஆகிற காரியம் அல்ல. லண்டன் க்யூ ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. அதில் நம் ஆள் பெயரை எதிர்பார்க்காதீர்கள். வெள்ளைக்கார லெப்டினன்ட்டுக்குக் கால் சுளுக்கினால் பெயரோடு வரும், ‘மூன்று சிப்பாய்கள் இறந்தனர்’ என்பது ஒரு வரியில் போய்விடும். ஆனாலும் அவர் இறந்த தேதி தெரிந்தால் அந்தத் தேதியில் படை எங்கே இருந்தது, என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அன்றைக்கு மழையா வெயிலா என்பது கூட இருக்கும்.

‘வெள்ளைக்காரனுக்காகச் செத்தவருக்கு எதற்குக் கல்லு’ என்று உங்கள் சித்தப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான், தள்ளிவிட வேண்டாம். அந்தப் பையன் ராஜாவின் மேல் பக்தி வைத்துப் போயிருப்பான் என்று நான் நம்பவில்லை. மழை பொய்த்த மானாவாரிக் கொல்லி, கடன், கிராம முன்சீப்பின் வற்புறுத்தல், பக்கத்து வீட்டுக்காரன் பூட்ஸ் போட்டு வந்து நின்ற கவர்ச்சி, இதில் ஏதோ ஒன்று. 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கிராமம் கிராமமாகப் போய்ப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தவர்களில் காந்தியும் ஒருவர். அன்றைக்குப் பெரியவர்களுக்கே தெளிவாகாத ஒன்றை இருபது வயசுப் பையனிடம் எதிர்பார்க்க வேண்டாம். சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கல் நடுகிற அன்றைக்கு வருவார்.

அந்தக் கல்லைப் பற்றி என் அபிப்பிராயம். பழைய கல்லைப் பெயர்க்காதீர்கள். மெருகு போடுகிறேன், கிரானைட் வைக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈரத்துணியும் மூங்கில் குச்சியும் போதும், சுண்ணாம்பு உரிந்து வரும். ஆசிட் வேண்டவே வேண்டாம். அதன் கீழேயோ பக்கத்திலேயோ இன்னொரு சின்னக் கல் வையுங்கள். அதில் ‘வீர மரணம்’, ‘தாய்நாட்டுக்காக’ என்றெல்லாம் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். பெயர், அப்பா பெயர், படை, நம்பர், இறந்த தேதி, இடம், வயசு தெரிந்தால் வயசு. கல்லறை தெரியாது என்றால் ‘கல்லறை தெரியாது’ என்றே எழுதுங்கள். ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கப் போனால் கடைக்காரப் பையன் கூகுளிலிருந்து ஒரு கமாண்டோ படத்தை எடுத்துப் போட்டுவிடுவான். ஒரு ஊரில் 1916-இல் செத்தவருக்குப் பின்னால் ஹெலிகாப்டர் பறந்ததைப் பார்த்தேன். போட்டோ இல்லை என்றால் இல்லாமலே இருக்கட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. நாலு பேருக்கும் சேர்த்து வையுங்கள், உங்கள் தாத்தாவுக்கு மட்டும் வேண்டாம். மதராஸ் சாப்பர்ஸிலும் பயனியர்களிலும் தலித்துகள் நிறையச் சேர்ந்திருந்தார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். உங்கள் ஊர்ச் சாவடியில் கல் பதித்த காலத்தில் அந்த 31 பேரில் எத்தனை பேர் அந்தச் சாவடித் திண்ணையில் ஏறி அதைத் தொட்டுப் பார்த்திருக்க முடியும் என்று யோசியுங்கள். கல்லின் எண்ணில் அவர்கள் இருக்கிறார்கள், கல் இருக்கும் இடத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. போன வருஷம் ஒரு ஊரில் மேல்தெருவில் விசாரித்து ‘செத்தது இரண்டு பேர்தான், கல்லில் தப்பாக ஐந்து என்று போட்டுவிட்டான்’ என்றார்கள். காலனிக்குப் போய்க் கேட்டேன். மற்ற மூன்று பேரின் வீட்டையும் கைகாட்டினார்கள். ஒரு வீட்டில் மெடல் கூட இருந்தது. நீங்களும் எல்லாத் தெருவுக்கும் போய்க் கேளுங்கள்.

எந்த நாளில் செய்வது என்றீர்கள். இறந்த தேதி பதிவில் கிடைத்துவிட்டால் அந்த நாள். கிடைக்காவிட்டால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஏதாவது நாள் இருக்கிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் இருக்கும். போளூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஆடி அமாவாசையில் எல்லாருக்கும் இலை போட்ட பிறகு வாசற்படிக்கு வெளியே ஒரு இலை தனியாகப் போடுவார்கள். ஏன் வெளியே என்று மருமகளுக்குத் தெரியவில்லை, மாமியார் போட்டதால் இவர் போடுகிறார். எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர்தான் சொன்னார். பட்டாளத்துக்குப் போன பிள்ளை செத்ததாகக் காகிதம் வந்தும் அவன் அம்மா நம்பவில்லையாம். செத்தவர்கள் வரிசையில் அவனுக்கு இலை போடக் கூடாது என்று சண்டை. பசியோடு வந்தால் வாசலில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று வெளியே போட்டாளாம். நாலு தலைமுறையாக அந்த இலை வாசலிலேயே இருக்கிறது. அந்த வீட்டாரிடம் பதிவேட்டில் உள்ள தேதியைக் கொடுத்தேன். வாங்கிச் சாமி மாடத்தில் வைத்தார்கள். அடுத்த ஆடியில் போனபோதும் இலை வாசலில்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் ஆயா இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அவர் பெயரை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள், காகிதம் யார் கொண்டுவந்தது, அவர் கட்டிய பெண் பிறகு என்ன ஆனாள் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் பதில் இருக்காது.

ஊருக்குப் போகும்போது ஒரு டார்ச்சும் வெள்ளைத்தாளும் மெழுகுக் கிரையானும் எடுத்துப் போங்கள். தட்டில் அந்தச் செவ்வகக் கட்டத்தின் மேல் தாளை வைத்து மெல்லத் தேய்த்தால் எழுத்து அப்படியே ஏறும். அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒரு எழுத்து தெரியாவிட்டால் ஊகித்து நிரப்ப வேண்டாம், அந்த இடத்தில் புள்ளி வையுங்கள். மீதியை நான் தேடுகிறேன்.